கிழியாத கையுறை

டொலிடோ கண்ணாடித் தொழிற்சாலையில் கையுறைகளைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. முழங்கைவரை வரும் புதுக் கையுறையை உடன் வேலை பார்க்கும் லொரெட்டா மாட்டிக்கொண்டாள். உடைந்த கண்ணாடி விளிம்பால் அதன்மேல் மூன்று முறை அழுத்தி இழுத்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"கிச்சுகிச்சு மூட்டுறியா?" என்று சிரித்தபடி கழற்றினாள்.

முன்கையில் மூன்று தழும்புகள். தையல் போட்டு ஆறி, பல வருஷமாகி வெளுத்துப்போனவை.

"இது எப்போ ஆச்சு?"

"ஐயோ, காலையில குளிக்கும்போது இல்லியே!"

டெல்பர்ட் காலையிலிருந்து இதே ரகக் கையுறைகளோடு கண்ணாடி அடுக்கிக்கொண்டிருந்தான். ஓடினேன்.

"உடனே கழட்டு, டெல்பர்ட்!"

அவன் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

"சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை கழட்டிட்டேன்பா," என்றான். "இனிமே கழட்ட மாட்டேன்."