ஜன்னலோரத் தொட்டி

நாலு எழுத்து கூடப் படித்துவிட்டால் போதும், இந்தக் காலத்து மனிதர்கள் காதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள் என்பது ஆய்வுக்கூடத்தைப் பெருக்கும் பெரியவரின் கட்சி.

"பெரியவரே, முளைச்சிடுச்சு!" ஆய்வாளரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "தோண்டியெடுத்த பானையில இருந்த தண்டுக்கீரை விதை. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி இதைத்தான் கஞ்சி காய்ச்சிக் குடிச்சிருக்காங்க. இனி நம்ம கூடத்தை மூட மாட்டாங்க."

"நாப்பது தொட்டியில ஜன்னலோரத் தொட்டி மட்டும்தானே முளைச்சிருக்கு?"

"ஒண்ணு போதாதா? மேலிடத்துக்குச் சொல்லியாச்சு, கிளம்பி வந்துக்கிட்டிருக்காங்க."

"எனக்கும் தினம் அந்தக் கஞ்சிதாம்மா. மிஞ்சற விதையை அந்த ஜன்னல்லதான் குருவிக்குப் போடுவேன்."

அவள் சிரித்தாள். "அதையெல்லாம் குருவி தின்னிருக்கும், போங்க."

"குருவி என்ன, சிந்தாமலா தின்னுது?" என்று முணுமுணுத்தபடி துடைப்பத்தோடு நடையைக் கட்டினார்.