வேலியோரக் கைதட்டல்

"ஆறு வாரமாச்சு. இந்த ஊர்ல ஒருத்தராவது நம்ம கதவைத் தட்டினாங்களா?" என்றபடி பெட்டியைக் கட்டினாள் யமிலா. கியூபாவை விட்டு பராகுவே வரை வந்தது இதற்குத்தானா?

"கேலி வேற பண்றாங்க," என்றான் கணவன் ஒஸ்னியேல்.

தினமும் மாலையில் அக்கம்பக்கத்தார் யாராவது வேலியோரம் நின்று கைதட்டுவார்கள். இவள் சன்னலைச் சாத்திக்கொள்வாள்.

இன்று தட்டியது எதிர்வீட்டு யூலாலியா.

யமிலா வெளியே பாய்ந்தாள். "ஊரை விட்டே போறோம். திருப்தியா? நல்லாத் தட்டுங்க!"

"அடி பைத்தியமே! கைதட்டினா நீதானே உள்ளே கூப்பிடணும்? இங்க கதவைத் தட்டுறது போலீஸ்காரன் மட்டும்தான்." யூலாலியா கூடையை நீட்டினாள். "உனக்குன்னு தினமும் சுட்ட சிப்பா ரொட்டியை நானே தின்னு ஊதிப்போயிட்டேன்!"

மறுநாள் மாலை, எதிர்வீட்டு வேலியோரம் நின்று யமிலா கை வலிக்கத் தட்டினாள்.