உறை

ஆலையின் நெல் தொட்டிக்குள் அடைத்துக்கொண்ட நெல்லைக் குத்திவிட இறங்கிய முனிரத்தினம், அது திடீரென்று சரிந்ததில் கக்கம்வரை புதைந்துபோனான். கயிறு கட்டி மேலிருந்து நான்கு பேர் இழுத்தார்கள். சற்றுமுன் தண்ணீராய் ஓடிய அதே நெல், இழுக்க இழுக்கக் கல்லாய் இறுகியது. அதைவிடக் கொடுமை மூச்சு. மூச்சை விடும்போதெல்லாம் நெஞ்சு சுருங்கிய இடத்தை நெல் வந்து பிடித்துக்கொண்டது. பிடித்த இடத்தைத் திருப்பித் தரவில்லை. அதனால் மூச்சை விடவே அவன் பயந்தான்.

"கயித்த உடுங்கய்யா! ஆளு ரெண்டா பூடுவான்!"

கத்திக்கொண்டு வந்தவள் அவன் மனைவி அஞ்சலை; ஆற்று மணலில், சரியாமலிருக்க வளையம் வைத்து உறைக்கிணறு இறக்குகிற வீட்டில் பிறந்தவள். இரு பக்கமும் மூடியில்லாத தகர டிரம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். தொட்டிக்குள் இறங்கி, நெல்லின்மேல் பலகை போட்டுப் படுத்தபடி, டிரம்மை அவன் தலைவழியே மாட்டினாள்.

"இன்னாடி... என்னச் சுத்திக் கெணறு எறக்குறியா?"

"பேசாத. மூச்சு வேணும்."

மற்றவர்களும் பலகைமேல் இறங்கி டிரம்மை ஆட்டி ஆட்டி அழுத்த, அவள் உள்ளேயிருந்த நெல்லைச் சொம்பால் அள்ளி வெளியே வீசினாள். வெளியே நெல் தகரத்தில் உரசிக் கரகரத்தது. உள்ளே அவன் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

"இப்ப உடுய்யா மூச்ச," என்றாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மூச்சு மொத்தத்தையும் விட்டான். நெஞ்சு சுருங்கியது. சுருங்கிய இடம் காலியாகவே இருந்தது.