தையல் பார்க்க வந்தவள்

லிஜி கட்டிலில் கால் நீட்டிப் படுத்தபடி நாலாவது வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் பேச்சியம்மாவின் குரல் கேட்டதும் வர்க்கி தலையணைக்கு அடியில் போனது. போர்வை கழுத்துவரை ஏறியது, முகத்தில் ஒரு நோவு வந்து உட்கார்ந்தது.

லிஜிக்கு ஆபரேஷன் என்று எஸ்டேட் முழுக்கப் பேச்சு. மறைவான இடத்தில் சின்னக் கட்டி, குன்னூர் டாக்டரம்மா அதை எடுத்துவிட்டு நாலு தையல் போட்டிருக்கிறார் என்பதுவரை தெரிந்திருந்தது. கனம் தூக்கக் கூடாது, குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது, தினம் இரண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வேண்டும், வெள்ளிக்கிழமை வந்து காட்ட வேண்டும். அதற்குள் தையல் விட்டுப்போனால் மறுபடி மேசையில் ஏற வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இளவயசுக்காரிக்கு இப்படி வந்தால் எஸ்டேட்டில் ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவார்கள். முன்பொரு தடவை பேரன் எடுத்த ஒருத்திக்கு வந்தபோது, இந்த வயசில் அங்கே என்ன வியாதி என்று ஆறு மாதம் சிரித்தார்கள்.

இப்போது சிரிப்பு இல்லை, கோபம்தான். மருமகள் தையலோடு கிடக்க, மாமியார் மெட்டில்டா ஒரு துரும்பைக்கூட அசைப்பதில்லை. பால்வாடியில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள், சர்ச்சில் பெண்கள் சங்கத்துச் செயலாளர், அன்பைப் பற்றி அரை மணி நேரம் ஜெபிக்கக் கூடியவள். வீட்டிலோ, ஃபாக்டரிக்கு லீவு போட்ட மகன் ஜெஃப்ரிதான் தண்ணீர் பிடிக்கிறான், சோறு வடிக்கிறான். அம்மா சுவரில் சாய்ந்து நின்று வேலை ஏவுகிறாள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது வேதக்காரர்களுக்கும் பொருந்துமா என்று கொழுந்து பறிக்கிற இடத்தில் ஒரு விவாதமே நடந்தது.

நேரில் பார்க்காமல் பேசுவது, அங்கே கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்குப் பிடிக்காது. பார்த்தபிறகு பேசாமல் இருப்பது அதைவிடப் பிடிக்காது. அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பையின் மேலே ரொட்டிப் பாக்கெட் தெரிந்தது, அடியில் என்னவோ புடைத்துக்கொண்டிருந்தது.

அவள் லிஜியின் சிவந்த கன்னத்தைப் பார்த்தாள். மெத்தையில் சிந்திக் கிடந்த வர்க்கித் தூளையும் பார்த்தாள். போன வருஷம் தன் மருமகள் சசிரேகாவும் இதே மாதிரி பத்து நாள் படுத்துக் கிடந்து நாலு கிலோ ஏறிவிட்டாள் என்றாள். பிறகு தையலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசச் சொன்னாள்.

லிஜி தலையாட்டினாள். மெட்டில்டாதான் பதறிப்போய், ஒன்றும் பூசக் கூடாது, சுத்தமாகக் கழுவி ஈரமில்லாமல் ஒற்றி வைத்தால் போதும், டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்றாள்.

"சரிங்க டீச்சரம்மா. எதுக்கு நின்னுட்டே இருக்கறீங்க, உக்காருங்க."

"உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குது பேச்சி."

பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

அடுப்பில் ஒரு பெரிய போசி நிறையத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. லிஜி உட்காருவதற்கு என்றாள் மெட்டில்டா. ஜெஃப்ரி மாத்திரை வாங்கக் குன்னூர் போயிருக்கிறான், வந்து இறக்கிக் கொடுப்பான் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அவன் பஸ் புடிச்சு வர்ற வரைக்கும் புள்ள காத்துக் கெடக்கறதா? நீங்களே தூக்கிட்டுப் போய் ஊத்துங்க."

லிஜி சட்டென்று எழுந்து உட்கார்ந்து, தானே தூக்கிக்கொள்வதாகச் சொன்னாள். அது இன்னும் மோசமாகிவிட்டது. தையல் போட்டவள் போசி தூக்க மாமியார்க்காரி வேடிக்கை பார்த்தாள் என்ற செய்தி, சாயங்காலம் கொழுந்து எடை போடுவதற்குள் மலை முழுக்க இறங்கிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முகத்தை எங்கே கொண்டு வைப்பது.

மெட்டில்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருஷமாகச் சேர்த்த பேர் அது. கர்த்தரை நினைத்துக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகினாள், கரித்துணியால் போசியைப் பிடித்து மூச்சை அடக்கினாள்.

"அத்தை, வேண்டாம்" என்று லிஜி கட்டிலிலிருந்து குதித்தே விட்டாள்.

அவளுக்கு முன்னால் பேச்சியம்மா ஒரே எட்டில் போய் மெட்டில்டாவின் கையைப் பிடித்து விலக்கினாள். போசியைத் தானே இறக்கி வைத்தாள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

பிறகு ரொட்டியை லிஜியின் கையில் திணித்தாள். பையின் அடியிலிருந்து, பழைய சேலை சுற்றிய ஸ்கூட்டர் டியூப் ஒன்றை உருவி எடுத்தாள். காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்து, அதை நாற்காலியில் வைத்தாள்.

"இதுல உக்காருங்க டீச்சரம்மா, தையலுக்குச் சொகமா இருக்கும். போன வருசம் சசிரேகா கட்டில்ல படுத்திருந்தப்ப, நான் இதுலதானுங்க உக்காந்திருந்தேன்."