பன்னிரண்டே முக்காலுக்கு ஆஃப்லைன்

"நாளையிலேர்ந்து வராதேன்னு அவகிட்டச் சொல்லணும். அதுக்கு ஆதாரம் வேணும். அதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றாள் சந்திரிகா.

கேமரா பழுது பார்க்க வந்த ஜெரோம் ஏணியைச் சுவரில் சாத்தினான்.

"யாருகிட்ட மேடம்?"

"எல்லம்மாகிட்டதான். நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம். படுக்கையில இருக்கிற அப்பாவைப் பாத்துக்க ஆள் போட்டேன். ஆளைப் பாத்துக்க கேமரா போட்டேன். தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு அது செத்துப்போகுது. ஏழெட்டு நிமிஷத்துல தானா உயிர் வருது. அந்த நேரத்துல என் வீட்டுல என்ன நடக்குது?"

காதில் விழாமல் இருக்குமா? எல்லம்மா அறையிலிருந்து வந்துவிட்டாள்.

"நான் இன்னாத்துக்குக்கா அத்த புடுங்கப் போறேன்? அந்த ஒயரு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது."

"பின்னே, பேய் வந்து புடுங்குதா? போ. மணியாச்சு. ஹாட்பாக்ஸ்ல இருக்கிறதை எடுத்து அப்பாவுக்குக் குடு."

எல்லம்மா ஹாட்பாக்ஸைத் திறந்து தொட்டுப் பார்த்தாள். அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

ஜெரோம் வயரைப் பார்த்தான். சிக்னலைப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

பன்னிரண்டே முக்கால் ஆனது. ஒரு மணியும் ஆனது. கேமரா பச்சை விளக்கோடு ஜம்மென்று ஓடியது.

"பாத்தீங்களா! இதுக்குன்னே லீவு போட்டேன். நான் வீட்டுல இருந்தா கட் ஆகல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

ஜெரோமுக்குப் பசி. மூளை ஓடவில்லை. "சாப்பிட்டுட்டு வந்து பாக்கறேன் மேடம்" என்று பையிலிருந்து டப்பாவை எடுத்தான்.

"காலைல கட்டினதா? அய்யோ, ஆறிப்போயிருக்குமே! அதைப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க? குடுங்க, ஒரு நிமிஷம்."

இளகிய மனசு. சோற்றைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மைக்ரோவேவ் ஓவனில் வைத்து, பட்டனைத் தட்டினாள்.

ஓவன் உறுமியது. ஹாலில் கேமராவின் விளக்கு சிவந்தது. ஜெரோமின் கையிலிருந்த போன் 'ஆஃப்லைன்' என்று காட்டியது.

ஓவன் நின்றது. கேமராவுக்கு உயிர் வந்தது.

ஜெரோம் சமையலறைக்குள் வந்து எட்டிப் பார்த்தான். ஓவனை ஒட்டி, ஒரு சாண் தூரத்தில், வைஃபை பெட்டி.

"இதான் மேடம் விஷயம். ஓவன் ஓடினா பக்கத்துல வைஃபை படுத்துடும். தினமும் மத்தியானம் ஓவன் போடறது யாரு?"

"யாரும் கிடையாது. ஓவன்ல கை வைக்கக் கூடாதுன்னு எல்லம்மாகிட்டக் கண்டிச்சுச் சொல்லியிருக்கேன். காலைல ஆறு மணிக்கே சமைச்சு ஹாட்பாக்ஸ்ல வெச்சுட்டுப் போறேன். அது போதாதா?"

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏம்மா எல்லம்மா, தினமும் சுடச்சுடக் கொண்டு வருவியே. இன்னிக்கு மட்டும் ஏன் சோறு ஜில்லுனு இருக்கு?"



 சந்திரிகாவின் கையிலிருந்த ஜெரோமின் சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவன் அதை வாங்கிக்கொண்டான்.

"ஓவனுக்கு வேற பிளக் இல்ல. பெட்டியை நகர்த்தணும்னா நெட்காரங்க வரணும். ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒண்ணு கேமரா ஓடும், இல்ல உங்க அப்பாவுக்குச் சோறு சுடும். எது வேணும்னு சொல்லுங்க மேடம்."