இங்கே யாரும் இல்லை

பவளப்பாறைப் பொந்தில் ஓர் ஊதாமீன் இருந்தது. அப்படி ஒரு மீன் இருப்பதே கடலில் பாதிப் பேருக்குத் தெரியாது. வாசலில் நிழல் அசைந்தாலே அதற்கு உயிர் போய்விடும்.

ஒருநாள், "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

"இங்கே யாரும் இல்லை!" என்றது ஊதாமீன், செவுள் படபடக்க.

வந்த மீன் போய்விட்டது. பக்கத்துப் பொந்து நண்டு கொடுக்கால் தலையிலடித்துக்கொண்டது. "அட பைத்தியமே! வந்தது உன் இனம். அதே ஊதா, அதே மஞ்சள் வால். எனக்குன்னு யாருமே இல்லையேன்னு தினமும் அழுவியே!"

ஊதாமீன் பதறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மீன்களைத் தின்னும் விலாங்கு வேட்டைக்குக் கிளம்பும் நேரம் அது. பொந்து பொந்தாக, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே போனது. பதிலே இல்லை.

பாறை முடிகிற இடத்தில், ஒரு பொந்துக்குள்ளிருந்து நடுங்கும் குரல் வந்தது: "இங்கே யாரும் இல்லை!"

ஊதாமீன் அந்த வாசலைவிட்டு நகரவே இல்லை.