பாதையை விட்டு இறங்கியவர்கள்

“வீட்டுல என்ன சொல்லிட்டு வந்த?”

“தையக்காரிகிட்டப் போறேன்னு. நீங்க?”

“பல்லு வலின்னு.”

சுலக்ஷனா சிரிப்பைத் துப்பட்டாவில் அமுக்கினாள். இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வந்து, ராகலைக்கு மேலே இருக்கும் அந்த வனப் பூங்காவில் வேறு வேறாகவே டிக்கெட்டும் வாங்கியிருந்தார்கள். தேயிலை மலை முடிந்து, பாசி பிடித்த மரங்கள் தொடங்கிய பிறகுதான் நிரஞ்சன் அவள் கையைப் பிடித்தான்.

மூடுபனி மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு மரை மான், பாதி உடம்பு பனிக்குள் கரைந்திருக்க, தலை நிமிர்த்தி இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தது. வேட்டை நின்றுபோன காடு. மனிதர் மேல் அதற்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

“கனவுக்குள்ள நடக்குற மாதிரி இருக்குங்க.”

“நம்ம லயத்து வீட்டு வரிசையில மூச்சு விட்டாலே நாலாவது காம்பரா வீட்டுல இருமுவாங்க. இங்க நீ சத்தம் போட்டே பேசலாம்.”

அவள் சத்தம் போடவில்லை. குரல் இன்னும் இறங்கியது. “நாளன்னைக்கு நான் ஃப்ளைட்டுல. ரெண்டு வருஷம். குவைத்துல வீட்டு வேலை. எந்த வீடோ, எப்படிப்பட்ட ஆளுங்களோ. உங்ககிட்ட மட்டும் சொல்லி அழணும்னு எத்தன நாளா பாக்குறேன்.”

“அழு. யாரு கேக்கப் போறா.”

“நான் திரும்பி வர்ற வரைக்கும் மனசு மாறாம இருப்பீங்களா?”

அவன் வாயைத் திறந்தான். விசில்தான் கேட்டது. மரை ஒரே பாய்ச்சலில் மறைந்தது.

காக்கிச் சட்டையில் வந்து நின்றார் வனக் காவலர் கந்தப்பன். “பாதைய விட்டு ஏன் இறங்குனீங்க? போன வாரம் ஒரு ஜோடி மரத்துப் பட்டையில பேரு வெட்டிட்டுப் போச்சு. காதலிக்க உங்களுக்கெல்லாம் வேற எடமே இல்லையா?”

“இல்லைங்கண்ணே,” என்றாள் சுலக்ஷனா.

“வாய் வேறயா. வீட்டு நம்பரப் போடு தங்கச்சி. ஆளு வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

“அண்ணே, ஒரு மணி நேரம் மட்டும் விடுங்க,” நிரஞ்சன் கெஞ்சினான். “வீட்டுக்குத் தெரிஞ்சா அப்புறம் நாங்க பேசுனாப்புலதான்.”

“வர்றவன் எல்லாம் இதத்தான் தம்பி சொல்றான்.”

அவர் நீட்டிய கை மடங்கவில்லை. அவள் தன் போனில் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டது அவர்தான்.

“அம்மாவா?” ஒரு சிறுமியின் குரல் காட்டுக்குள் கணீரென்று கேட்டது. “தம்பி அழுவுறான். அப்பாவையும் காணோம். ஒத்தக் காம்பராவுல இருக்குற எல்லாரும் உங்க ரெண்டு பேரையும்தான் தேடுறாங்க.”

நிரஞ்சன் போனை நோக்கிக் குனிந்தான். “அழ விடாத கண்ணு. அப்பா அம்மாகூடத்தான் இருக்கேன்.”

கந்தப்பன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “கேட்டு மூட இன்னும் நேரம் இருக்கு,” என்று பனியைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார்.